வாசனைப் புகையிலைத் தடையும் நம் சங்கங்களும்

சில மாதங்களுக்கு முன்பு, நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே வாழும் ஓர் ஊரில், கூட்டுறவுப் பண்டகசாலை ஒன்றின் சரக்கிருப்பைச் சரிபார்க்கும் பணி நமக்கு வாய்த்தது. உப்பு, சோப்பு, தீப்பெட்டி என்று பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொண்டு வருகையில், கடைசி அலமாரியின் அடித்தட்டில், பதிவேட்டில் எந்தப் பெயராலும் குறிக்கப்படாத அட்டைப்பெட்டி ஒன்று தென்பட்டது. திறந்து பார்த்தோம். ஒரு பக்கம் பாக்குத்தூள் பொட்டலங்கள். மறுபக்கம் அதே பெயரும் அதே வர்ணமும் கொண்ட வாசனைப் புகையிலைப் பொட்டலங்கள்.

விற்பனையாளர் சிறிதும் கலங்கவில்லை. "ஐயா, தடை குட்காவுக்குத்தானே? இது குட்கா இல்லை. பாக்கு தனி, புகையிலை தனி" என்றார். அவ்வேளை நூல் வாங்க வந்திருந்த நெசவாளர் ஒருவர், "தறியில் உட்கார்ந்துகொண்டு பீடி பற்றவைக்க முடியுமா, ஐயா? பாவில் ஒரு பொறி விழுந்தால் மாதக் கூலி போயிற்று. எங்களுக்குத் தோதானது இதுதான். இதையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?" என்று கேட்டார். நிர்வாகக் கமிட்டி அங்கத்தினர் ஒருவர், அவர் புகையிலை பயிரிடுகிறவர், வேறொரு கேள்வியைப் போட்டார்: "இதை விற்கிறவன் கடைக்குப் பூட்டுப் போடுகிறார்கள். நாளைக்கு என் கொல்லைக்கும் பூட்டுத்தானா?"

இம்மூன்று பேச்சுக்களும் நம் மனத்தை விட்டு அகலவில்லை. வாசனையூட்டிய புகையிலைக்கு ஒரு மாநிலமோ ஒரு நகரமோ தன் எல்லைக்குள் தடை விதிப்பது தகுமா என்று நீதிமன்றங்களிலும் சட்டசபைகளிலும் நடைபெறும் வாதம் முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது. நம் அங்கத்தினர்களில் மெல்லுகிறவரும் இருக்கிறார், விளைவிக்கிறவரும் இருக்கிறார், விற்கிற பண்டகசாலையும் இருக்கிறது. ஆகவே இவ்விஷயத்தை ஆதியிலிருந்து ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

புகையிலைக்கு வாசனை கூட்டுவது நமக்குப் புதிய பழக்கமன்று. பன்னீர்ப் புகையிலையை அறியாத பழைய வீடு ஏது? தாம்பூலத்தட்டில் கிராம்பும் ஏலமும் இருந்தே வந்தன. ஆனால் அக்காலத்தில் புகையிலை என்பது வயது வந்தோர் வெற்றிலையோடு சேர்த்து, நேரம் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்து போடும் பொருள். அதன் காரமே சிறுவனை விலக்கி நிறுத்தியது. முதல்முறை வாயில் போட்ட பிள்ளைக்குத் தலை சுற்றும், குமட்டும். மறுமுறை கை நீளாது. பொட்டலச் சரக்கு வந்தபின் இந்த இயற்கை வேலி தகர்ந்தது. நொறுக்கிய பாக்கு, புகையிலைத் தூள், காசுக்கட்டி, சுண்ணாம்பு இவற்றோடு மெந்தால், ஏலம், கிராம்பு, ரோஜா முதலிய வாசனைகளைக் கலந்து, ஒரு வாய்க்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, மிட்டாய் விலையில் தொங்கவிட்டால், அதை வாங்கப் பழக்கம் வேண்டியதில்லை. பழக்கம் பின்னால் தானே வரும்.

வாசனை செய்யும் வேலையை இங்கே சற்று விளக்கியாக வேண்டும். மெந்தால் என்பது புதினா வகைகளிலிருந்து கிடைக்கும் பொருள். அது வாயைக் குளிர்விப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, குளிர்ந்ததைப் போன்ற உணர்வைத் தருகிறது. கூடவே எரிச்சலையும் மரக்கச் செய்கிறது. புகையிலையின் காரம் எச்சரிக்கை மணி என்றால், மெந்தால் அம்மணியின் நாக்கில் துணி சுற்றுகிறது. சுண்ணாம்பின் வேலை வேறு. அது கலவையைக் காரத்தன்மை உடையதாக்குகிறது. அந்நிலையில் நிகோடின் கன்னத்தின் உள்தோலைக் கடந்து எளிதில் இரத்தத்தில் ஏறுகிறது. ஆக, ஒன்று உறைப்பை மறைக்கிறது. மற்றொன்று வீரியத்தை ஏற்றுகிறது. வாதத்தில் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்விக்கு இதுவே விடை. "பீடி விற்கலாம், சிகரெட் விற்கலாம், இது மட்டும் கூடாதா?" என்கிறார்கள். பீடி தீங்கற்றது என்பதனால் அன்று. புதியவரை, அதிலும் இளையவரை, உள்ளே அழைப்பதற்கென்றே வாசனைப் பொட்டலம் அமைந்துவிட்டது என்பதனாலேயே தடையாளர் அதை முதலில் குறிவைக்கின்றனர்.

தீங்கைப் பற்றி நெடுக எழுத வேண்டியதில்லை. பாக்கு மட்டும் தனியே மென்றாலும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல் முதல் வகுப்பில் சேர்த்தது. மெல்லும் புகையிலையும் அவ்வகுப்பைச் சேர்ந்ததே. "பாக்கு தனி, புகையிலை தனி" என்ற நம் விற்பனையாளர் இரண்டு தீமைகளைத் தனித்தனியே விற்றார் என்பதே பொருள். பாக்கு மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி, வரவர வாய் திறக்க முடியாமற் போகும் நோய் ஒன்றுண்டு. இரண்டு விரல் நுழையாத வாயோடு ஜில்லா ஆஸ்பத்திரிகளின் பல் மருத்துவப் பகுதியில் காத்திருப்போரில் இருபது வயதுப் பிள்ளைகளும் உண்டு.

இனிச் சட்டத்திற்கு வருவோம். நம் மாநிலத்தில் தடை இருமுறை வந்தது. முதல் தடை 2001 நவம்பர் 19-ல் ஐந்தாண்டுக் காலத்திற்கு விதிக்கப்பட்டது. 1954-ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவை அதற்கு ஆதாரமாகக் கொண்டார்கள். மகாராஷ்டிரம் முதலிய வேறு மாநிலங்களும் அவ்வாறே செய்தன. உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2004 ஆகஸ்ட் 2-ல் சுப்ரீம் கோர்ட் இத்தடைகளைத் தள்ளுபடி செய்தது. மாநில அதிகாரிக்குரிய அதிகாரம் உள்ளூரில் திடீரென நேரும் அவசர நிலையைச் சமாளிக்கும் தற்காலிக அதிகாரமே. ஒரு பொருளை உடல்நலக் கேடு என்று நிலையாக விலக்கும் முடிவு மத்திய சர்க்காரைச் சார்ந்தது. மேலும், புகையிலைக்கென்றே 2003-ல் பார்லிமெண்ட் தனிச்சட்டம் இயற்றிவிட்டதால் பொதுச்சட்டம் அதற்கு அடங்கியதாகும் என்பன அத்தீர்ப்பின் சாரம். பொருள் நல்லதா கெட்டதா என்பதன்று வழக்கு, தடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பதே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது தடைக்கு வழி திறந்தது 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். அதன் கீழ் 2011-ல் வந்த ஒழுங்குமுறைகளில் 2.3.4 என்ற விதி, எந்த உணவுப் பொருளிலும் புகையிலையையோ நிகோடினையோ சேர்மானமாகப் பயன்படுத்தலாகாது என்று ஒரே வரியில் கூறிவிட்டது. அச்சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பொது ஆரோக்கியத்தை முன்னிட்டு ஓர் உணவுப் பொருளின் தயாரிப்பு, சேமிப்பு, விநியோகம், விற்பனை இவற்றை மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் ஓராண்டுக்கு மேற்படாமல் தடை செய்யலாம் என்கிறது. 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் முதலில் இதைக் கையாண்டது. கேரளம் அடுத்த மாதமே பின்பற்றியது. தமிழ்நாட்டில் 2013 மே மாதம் தடை வந்தது.

தடை வந்ததும் வியாபாரம் வேறு வேஷம் போட்டது. குட்கா மறைந்தது, பாக்குத்தூள் ஒரு பொட்டலம், வாசனைப் புகையிலை ஒரு பொட்டலம் என்று இரட்டைப் பிள்ளைகள் தோன்றின. வாங்குகிறவர் இரண்டையும் உள்ளங்கையில் கொட்டிக் கலந்துகொண்டால் குட்கா தயார். இத்தந்திரத்தைக் கவனித்த சுப்ரீம் கோர்ட், 2016 செப்டம்பரில், தடையை முழுமையாக நிறைவேற்றும்படி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதன்பின் நம் மாநில அறிவிக்கையின் வாசகம், தனித்தனியே கட்டப்பட்டிருந்தாலும் எளிதில் கலந்துகொள்ளும் வகையில் விற்கப்படுபவற்றையும், எப்பெயரால் அழைக்கப்படினும் வாசனையூட்டிய மெல்லும் புகையிலைப் பொருள்களையும் சேர்த்தே குறிக்கிறது. ஆகவே விற்பனையாளரின் முதற்கேள்விக்கு விடை தெளிவு: அந்தப் பெட்டி பண்டகசாலையில் இருந்திருக்கலாகாது. அன்றே அது அகற்றப்பட்டது. பதிவேட்டில் ஏறாத சரக்கைச் சங்கத்தின் கூரையின் கீழ் வைத்தது தனிக் குற்றம். அதைப் பற்றிய அறிக்கை போக வேண்டிய இடத்திற்குப் போயிற்று.

ஆயினும் தடையின் அஸ்திவாரம் இன்னும் உறுதிப்படவில்லை என்பதை மறைக்கலாகாது. "ஓராண்டுக்கு மேற்படாமல்" என்று சட்டம் கூறும்போது, ஒவ்வோர் ஆண்டும் புது அறிவிக்கை பிறப்பித்துத் தடையை நீட்டிக்கொண்டே போகலாமா? கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2023 ஜனவரி 20-ல் இரு நீதிபதிகள் அமர்வு, தற்காலிக அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்து நிலையான தடையாக்குவது ஆணையரின் வரம்பை மீறியது என்று அறிவிக்கையை ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 10-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நேர்மாறாக, இத்தகைய தடை செல்லும் என்றது. ஏப்ரல் 25-ல் சுப்ரீம் கோர்ட் சென்னைத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்ததனால் நம் மாநிலத்தில் தடை தொடர்ந்தது. வருஷாந்தரக் குத்தகைபோல் புதுப்பிக்கப்படும் சட்டத்தை நம்பிக் கடைக்காரரும் அஞ்சமாட்டார், விவசாயியும் திட்டமிட முடியாது. விலக்குவதாயின் பார்லிமெண்டே ஒரு சட்டம் இயற்றி விலக்குவது முறை என்பது நம் அபிப்பிராயம். மின் சிகரெட்டை 2019-ல் பார்லிமெண்ட் அவ்விதமே நாடெங்கும் விலக்கியது. அதன்மீது "யாருக்கு அதிகாரம்" என்ற இந்த வழக்கு எழவில்லை.

அமெரிக்க நாட்டிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்ததைக் கூற வேண்டும். அங்கே 2009-ல் காங்கிரஸ் சபை சிகரெட்டில் பழவாசனை, கிராம்புவாசனை முதலியவற்றை விலக்கி, மெந்தாலை மட்டும் விட்டுவைத்தது. பொருள் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்ற தரநிர்ணயத்தை மத்திய அரசுக்கே ஒதுக்கிய அச்சட்டம், விற்பனையைக் கட்டுப்படுத்தும் உரிமையை மாநிலங்களுக்கும் நகரசபைகளுக்கும் விட்டது. இந்த இடைவெளியில்தான் உள்ளூர்த் தடைகள் முளைத்தன. நியூயார்க் நகரம் 2009-லும், பிராவிடன்ஸ் நகரம் 2012-லும், சிகரெட் அல்லாத வாசனைப் புகையிலைப் பொருள்களின் விற்பனையைப் பெரும்பாலான கடைகளில் நிறுத்தின. "விற்கக்கூடாது என்பதும் செய்யக்கூடாது என்பதும் ஒன்றே, ஆகவே நகரசபைக்கு அதிகாரமில்லை" என்று கம்பெனிகளும் வியாபாரிகளும் வழக்காடினர். 2013-ல் இரு மேல்நீதிமன்றங்களும் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் விஷயம் வாக்குச்சாவடிக்கே போயிற்று. 2018 ஜூனில் 100-க்கு 68 பேர் தடைக்கு வாக்களித்தனர். மெந்தாலையும் சேர்த்து மாநிலம் முழுவதும் விலக்கிய மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2020 ஜூன் முதல் தடை நடப்பிலிருக்கிறது. எல்லை தாண்டி அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் வாங்கிவருகிறார்கள் என்பது அங்கே ஓயாத வாதம். ஓசூர்ச் சாலையை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

ஒரு சிறு செய்தி. மெந்தாலை விட்டுக் கிராம்பை மட்டும் விலக்கியதனால் பாதிக்கப்பட்ட நாடு, கிராம்புச் சிகரெட் ஏற்றுமதி செய்த இந்தோனேசியா. அது உலக வர்த்தக நிறுவனத்தில் முறையிட்டு 2012-ல் வென்றது; உள்நாட்டுச் சரக்குக்கு ஒரு நீதி, வெளிநாட்டுச் சரக்குக்கு ஒரு நீதி என்பது பாரபட்சம் என்று தீர்ப்பாயிற்று. ஆயினும் மெந்தாலை விலக்க 2022-ல் முன்வைக்கப்பட்ட மத்திய விதி 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. எந்த வாசனை குற்றமுடையது, எது அற்றது என்று தீர்மானிப்பதில் செல்வாக்குக்கும் பங்குண்டு என்பதற்கு இது போதிய சான்று.

தடையால் பலன் உண்டா? இங்கேதான் இரு தரப்பாரும் வன்மையாக மோதுகின்றனர். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரிடையே நடத்தப்பட்ட தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியா முழுவதிலும் புகையில்லாப் புகையிலை உபயோகிப்போர் 2009–10-ல் 100-க்கு 25.9 பேராக இருந்து, 2016–17-ல் 21.4 பேராகக் குறைந்தனர். தடை ஆதரவாளர் இவ்வெண்ணைக் காட்டுகின்றனர். ஆனால் அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எல்லாவகைப் புகையிலையையும் சேர்த்து உபயோகிப்போர் 16.2-லிருந்து 20.0 ஆக உயர்ந்தனர். இடையில் 2013-ல் தடை வந்திருந்தும் இவ்வாறு! தடையாலேயே ஏறிற்று என்று கூறுவது தவறு. பீடியும் சிகரெட்டும் இதில் அடக்கம். ஆனால் காகிதத்தில் உள்ள தடை வாயில் உள்ள புகையிலையைத் தானாக வெளியே எடுத்துவிடாது என்பது விளங்குகிறது. தடை நடப்பிலிருந்த காலத்திலேயே சென்னையில் குட்கா விற்பனைக்கு இடங்கொடுக்க லஞ்சம் கைமாறியது என்ற குற்றச்சாட்டு எழுந்து, 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்க நேர்ந்ததும் யாவரும் அறிந்ததே.

மறுபுறம், மெந்தால் வாசனையோடு சிறு பைகளாக வரும் 'கூல் லிப்' போன்ற சரக்குகள் பள்ளி மாணவர் கைக்குப் போவதைப் பற்றி 2024-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கவலை தெரிவித்து, அதை நாடெங்கும் பாதுகாப்பற்ற உணவென அறிவித்தால் என்ன என்று கேட்டது. உதட்டுக்குள் ஒதுக்கிவைத்தால் துப்ப வேண்டியதில்லை, மணம் வெளியே வீசாது, வாத்தியாருக்குத் தெரியாது. ஒரு மாநிலத்தில் தடை. உற்பத்தியோ வேறொரு மாநிலத்தில். உள்ளூர்த் தடையின் பலவீனம் இதுவே. எனினும் தெருமுனைக் கடையில் பகிரங்கமாகச் சரம்சரமாகத் தொங்கிய பொட்டலம் இன்று ஒளிந்து விற்கப்படுகிறது, விலையும் ஏறிவிட்டது. பள்ளிப்பிள்ளையின் கைக்கு எட்டாத விலை என்பது அற்ப லாபமன்று. ஆகவே, ஓட்டைகள் பல இருப்பினும், தடை வேண்டும் என்ற பக்கமே நாம் சேருகிறோம்.

புகையிலை பயிரிடும் அங்கத்தினரின் கேள்விக்கு இன்னும் விடை கூறவில்லை. அது கடினமான கேள்வி; அதனாலேயே கடைசிக்கு வைத்தோம்.

கொல்லைக்குப் பூட்டு இல்லை. ஆணையர் தடுக்கக்கூடியவை தயாரிப்பு, சேமிப்பு, விநியோகம், விற்பனை ஆகிய நான்கே. சாகுபடி அவற்றில் இல்லை. மேலும் அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு, அறுவடைக்கு முன் நிற்கும் பயிரை 'உணவு' என்ற சொல்லிலிருந்தே நீக்கியிருக்கிறது. 18-ஆம் பிரிவு, விவசாயிக்கும் விவசாய வேலைகளுக்கும் பண்ணையளவில் விவசாயி விளைவித்த பொருளுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்று தெளிவாகவே கூறுகிறது. ஆதலால் திண்டுக்கல், வேடசந்தூர், வேதாரண்யம் பக்கத்து அங்கத்தினர்கள் நாற்று விடவும், கொழுந்து கிள்ளவும், இலையை உலர்த்தவும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. 'மூல உணவு' என்பதற்கு அது தரும் விளக்கத்தில், நிலத்தின் விளைபொருள் இயற்கை நிலையில் "விவசாயி அல்லாத வேறொருவர் கையில்" இருப்பது என்ற சொற்கள் வருகின்றன. விவசாயியின் கையை விட்டு மற்றொருவர் கைக்கு மாறும் கணத்தில் பொருளின் சட்டநிலை மாறக்கூடும் என்பதே இதன் கருத்து. வியாபாரி கையில் மாறுவது சரி. கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் மாறுகிறதா? சங்கம் என்பது விவசாயிகள் சேர்ந்தது. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அது தனி நபர். அங்கத்தினரின் இலை, அங்கத்தினர் பேரிலேயே அடைமானமாக நம் கிடங்கில் கிடந்தால் அது அவர் கையில் இருப்பதாகுமா, சங்கத்தின் கையில் இருப்பதாகுமா? வாசனையூட்டாத வெறும் இலை 'உணவு' ஆகுமா என்பதே நீதிமன்றங்களில் பலகாலம் வாதிக்கப்பட்ட விஷயமாதலால், இவ்வினாவை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. விற்பனைச் சங்கங்கள் தம் சட்ட ஆலோசகரைக் கலந்து எழுத்து மூலமான அபிப்பிராயம் பெற்று வைப்பது உத்தமம். வெல்லப்பாகு தெளித்து அம்பாரம் போட்டுப் பதப்படுத்தும் வேலையைச் சங்கத்தின் கொட்டகையில் செய்யும் எண்ணம் எவருக்கேனும் இருக்குமானால், அபிப்பிராயம் வரும்வரை அதை நிறுத்தி வைப்பது அதனினும் உத்தமம். விவசாயியின் கொல்லையில் அது பண்ணை வேலை. சங்கக் கொட்டகையில் அதுவே 'தயாரிப்பு' என்று வாதிக்க இடமுண்டு.

சட்டம் பூட்டுப் போடாவிட்டாலும் சந்தை போடலாம். இலையில் ஒரு பகுதி வெறும் புகையிலையாகவே விலைபோகிறது. ஒரு பகுதி வாசனைச் சரக்குச் செய்வோரைப் போய்ச் சேருகிறது. பிந்தியவர் வாங்குவதை நிறுத்தினால் விலை சரியும். "வேறு பயிர் போடு" என்று பட்டணத்திலிருந்து சொல்வது எளிது. உவர்ப்புள்ள கிணற்று நீரை மெல்லும் புகையிலை தாங்கிக்கொள்கிறது. அந்த நீரில் வேறெது வரும் என்று அந்தக் கிணற்றுக்காரரிடம் கேட்டால்தான் தெரியும். வேடசந்தூரில் 1948 முதல் புகையிலைக்கென ஆராய்ச்சி நிலையம் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலாக இலையைப் பெருக்கும் வழியை அது கற்றுக்கொடுத்தது. இலையை விட்டு விலகும் வழியையும் அதே அக்கறையுடன், அதே நீரையும் மண்ணையும் வைத்துக் கற்றுத்தர வேண்டும் என்று விவசாயிகள் கேட்பதில் நியாயமிருக்கிறது.

அமெரிக்காவில் புகையிலைப் பங்கீட்டு முறையை 2004-ல் எடுத்துவிட்டபோது, பங்கீடு உடையோருக்கும் பயிரிடுவோருக்கும் பத்தாண்டுகளில் சுமார் 1,000 கோடி டாலர் ஈடாக வழங்க ஏற்பாடு செய்தார்கள். அத்தொகையை உற்பத்தியாளர், இறக்குமதியாளரிடமிருந்தே வசூலித்தார்கள். உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியாவும் 2004-ல் ஏற்று உறுதி செய்திருக்கிறது. அதன் 17-ஆம் விதி, புகையிலையை நம்பி வாழ்வோருக்கு மாற்றுப் பிழைப்புக்கு உதவ வேண்டும் என்கிறது. வாசனையைக் கட்டுப்படுத்தச் சொல்லும் வழிகாட்டி 2010-ல் அதே உடன்படிக்கையின் கீழ் வந்ததுதான். ஒன்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதை மறப்பது கணக்குத் தணிக்கையில் நாம் ஒப்புக்கொள்ளாத முறை.

நெசவாளர் அங்கத்தினரைப் பற்றி இரண்டு வார்த்தை. தறிக்குழியில் பத்து மணி நேரம் கால் மிதித்துக் கைவீசுகிறவருக்கு வாயில் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்பதை நாற்காலியில் அமர்ந்து கண்டிக்க நமக்கு மனமில்லை. பொட்டலம் கிடைக்காத நாளில் நாலு பேர் தறியை விட்டு எழுந்து அதைத் தேடிப் போவதை நேரிலேயே பார்த்திருக்கிறோம். ஒளிவிலைக்குக் கூலியில் ஒரு பங்கு போகிறது. விட நினைப்போருக்கு இலவசமாக ஆலோசனை கூறும் தேசியத் தொலைபேசி ஒன்று இருக்கிறது; எண் 1800-11-2356. இதை நூல் வழங்கும் அறையின் சுவரில் எழுதி வைக்கலாம். வாயில் ஆறாத புண், வெண்ணிறத் தடிப்பு, வாய் திறப்பதில் இறுக்கம் இவற்றில் ஏதேனும் கண்டால் நாள் கடத்தலாகாது. நெசவாளர் சங்கங்கள் ஆண்டுக்கொருமுறை அரசுப் பல் மருத்துவர் ஒருவரை வரவழைத்து அங்கத்தினர் வாயைப் பார்க்கச் செய்வதற்குப் பெரும் செலவாகாது. கண் சிகிச்சை முகாம் நடத்திப் பழகிய சங்கங்கள் நம்மில் பல.

பண்டகசாலைகளின் செயலாளர்கள் அடுத்த தணிக்கைக்கு முன்பே அலமாரிகளின் அடித்தட்டை ஒருமுறை தாமே குனிந்து பார்த்துவிடுவது நலம். பாக்குத்தூளும் வாசனைப் புகையிலையும் அருகருகே காணப்பட்டால் அவை தனித்தனி என்ற சமாதானம் செல்லாது. விற்பனைச் சங்கங்கள் கிடங்குப் பதிவேட்டைத் திறந்து, புகையிலை எத்தனை சிப்பம், யார் பெயரில், எந்தத் தேதியில், அடைமானமா கிரயமா என்பதைத் தனிப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். எடைச் சீட்டில் அங்கத்தினரின் பெயரும் கொல்லையின் சர்வே எண்ணும் இருக்க வேண்டும். வெறுமனே "புகையிலை வரவு" என்று எழுதினால், அது யார் கையில் இருந்தது என்ற கேள்வி எழும்போது காட்ட ஒன்றும் இராது.